கணக்கைக் கண்டு ஓடலாமா?

(பள்ளி மாணவர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட மதுரை கல்வி வழிகாட்டல் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கரும்பலகையில் அவர் போட்டுக் காட்டிய கணக்குகளையும் வாசகர்களுக்காக அப்படியே சேர்த்திருக்கிறோம்.)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. முப்பத்திரண்டு வருடம் சாக்பீஸ் பிடித்த கை இது. பேச அழைத்தவர்களிடம் மைக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு கரும்பலகை வேண்டும் என்று கேட்டேன். கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நான் என் பங்குக்கு ஒரு கயிறு கொண்டுவந்திருக்கிறேன். அந்தக் கயிறு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் நம் தெருக்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பையன் நான்கு பாடத்தில் தேறியிருப்பான். கணக்கில் மட்டும் போயிருக்கும். அத்தா என்ன சொல்கிறார்? "சரி விடு, படிச்சு கிழிச்சது போதும், நாளைலேர்ந்து கடைக்கு வா." அம்மாவும் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த நாள் காலையில் விளக்குத்தூண் பக்கமோ கீழவாசல் பக்கமோ ஒரு கடையில் புதிதாக ஒரு பையன் துணியை உதறி மடித்துக்கொண்டிருப்பான். இரண்டு வருடம் போனால் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுவான்.

கடையை நான் குறைத்துப் பேசவில்லை. நானும் கடைக்காரர் மகன்தான். அந்தக் கடைச் சோற்றில் வளர்ந்தவன்தான். ஆனால் விரும்பிக் கடைக்கு வருவது வேறு, வேறு வழி இல்லாமல் கடைக்கு வருவது வேறு. முதலாமவன் முதலாளி ஆவான். இரண்டாமவன் கடைசி வரை "கணக்கு வரலைன்னு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

2006ஆம் ஆண்டு வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை இந்த மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். நாடு முழுவதும் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள் அல்லது இடையில் நின்றுவிட்டவர்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. அடுத்த ஆண்டு, 2007இல், தமிழ்நாட்டில் நமக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. போராடிப் பெற்றோம். ஆனால் சகோதரர்களே, இடஒதுக்கீடு கதவைத்தான் திறந்து வைக்கும். வாசல் வரை நடந்து வர வேண்டியவன் நம் பிள்ளை. பத்தாம் வகுப்பில் கணக்கோடு நின்றுபோனவனுக்குப் பாலிடெக்னிக் கதவும் இல்லை, பதினொன்றாம் வகுப்புக் கதவும் இல்லை. திறந்த கதவுக்கு முன்னால் வர ஆள் இல்லை என்றால் யாரைக் குறை சொல்வது?

அதனால் இன்று நான் கோரிக்கை எதுவும் வைக்கப் போவதில்லை. கணக்குப் போடப் போகிறேன்.

தராசு தெரிந்தவனுக்கு அல்ஜீப்ரா தெரியும்

தம்பிகளே, அல்ஜீப்ரா என்றதும் முகம் சுளிக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்த சொல் என்று தெரியுமா? அரபிச் சொல். பாக்தாதில் கலீஃபா மாமூன் ஆட்சி நடந்த காலம், கி.பி. 813 முதல் 833 வரை. அங்கே பைத்துல் ஹிக்மா என்னும் அறிவு மன்றத்தில் இருந்தவர் முஹம்மது இப்னு மூசா அல்குவாரிஸ்மி. அவர் எழுதிய நூலின் பெயரிலேயே 'அல்ஜபர்', 'அல்முகாபலா' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. முதல் சொல்தான் உலகம் முழுதும் அல்ஜீப்ரா ஆயிற்று. அவர் பெயர்தான் இன்றைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் அல்காரிதம் ஆயிற்று. அல்காரிதம் என்றால் என்ன? படிப்படியாகச் செய்யும் முறை, அவ்வளவுதான்.

அந்த இரண்டு சொல்லுக்கும் பொருள் தெரிய வேண்டுமானால் நெல்பேட்டைக்குப் போய் ஒரு தராசைப் பாருங்கள்.

தராசின் ஒரு தட்டில் 3 மூட்டையும் 10 கிலோ படிக்கல்லும். மறு தட்டில் 1 மூட்டையும் 110 கிலோவும். முள் நடுவில் நிற்கிறது. ஒரு மூட்டை எவ்வளவு? இரண்டு தட்டிலிருந்தும் ஒரு மூட்டையை எடு. இரண்டு தட்டிலிருந்தும் 10 கிலோவை எடு. முள் அசையாது. இந்தப் பக்கம் 2 மூட்டை, அந்தப் பக்கம் 100 கிலோ. ஒரு மூட்டை 50 கிலோ. இரண்டு பக்கமும் இருப்பதை நேருக்கு நேர் வைத்துக் கழித்துவிடுவது, இதுதான் முகாபலா.

இன்னொன்று. 3 மூட்டையில் 10 கிலோ குறைகிறது, அது 140 கிலோவுக்குச் சமம். குறையை எப்படிச் சரிசெய்வது? இரண்டு பக்கமும் 10 கிலோ சேர். 3 மூட்டை 150 கிலோ. ஒரு மூட்டை 50. குறைந்ததை நிறைத்துச் சீராக்குவது, இதுதான் ஜபர்.

நம் பிள்ளைகள் வகுப்பில் என்ன மனப்பாடம் செய்கிறார்கள்? "இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் குறி மாறும்." ஏன் மாறும் என்று கேட்டால் தெரியாது. ஏதோ ஊர் விட்டு ஊர் போனால் பேச்சு மாறுவது போல நினைத்துக்கொள்கிறார்கள். எதுவும் எங்கேயும் போகவில்லை தம்பி. இரண்டு தட்டிலும் ஒரே வேலையைச் செய்தோம், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டவனுக்குக் குறி தவறாது.

அல்குவாரிஸ்மி தன் நூலை எழுதியதற்குச் சொன்ன காரணத்தையும் கேளுங்கள். வாரிசுரிமை, மரண சாசனம், பங்கு பிரித்தல், வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், வாய்க்கால் வெட்டுதல் என்று மக்களுக்கு அன்றாடம் வேண்டிய காரியங்களுக்காகவே எழுதினார். ஆகவே அல்ஜீப்ரா வாழ்க்கைக்கு உதவாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கடைத்தெருவுக்கும் வயல்காட்டுக்கும் என்றே எழுதப்பட்டது.

கூட்டியது இருபது, தள்ளியது இருபது

இனி வணிகப் பெருமக்களுக்கு ஒரு கணக்கு. ஆடித் தள்ளுபடி வருகிறது. 500 ரூபாய் அடக்கம் உள்ள சேலை. 20 சதவீதம் கூட்டி விலைச்சீட்டு ஒட்டுகிறீர்கள். பிறகு "20 சதவீதம் தள்ளுபடி" என்று போர்டு மாட்டுகிறீர்கள். கூட்டியதும் இருபது, தள்ளியதும் இருபது, அடக்கத்துக்கு விற்றோம் என்று நினைக்கிறீர்கள். சரியா?

500இல் 20 சதவீதம் 100. விலைச்சீட்டு 600. இப்போது தள்ளுபடி 600இல் 20 சதவீதம், அதாவது 120. கைக்கு வருவது 480. சேலைக்கு 20 ரூபாய் நட்டம். நூறு சேலை விற்றால் 2,000 ரூபாய் போயிற்று. கல்லாவில் திருடன் யாரும் இல்லை, கணக்கில்தான் ஓட்டை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு முற்றொருமை படித்திருப்பான். ஒன்றோடு ஓர் எண்ணைக் கூட்டி, ஒன்றிலிருந்து அதே எண்ணைக் கழித்து, இரண்டையும் பெருக்கினால், ஒன்றிலிருந்து அந்த எண்ணின் வர்க்கம் போய்விடும். இங்கே அந்த எண் 0.2. அதன் வர்க்கம் 0.04. அதாவது 4 சதவீதம். 500இல் 4 சதவீதம் 20 ரூபாய். மகன் புத்தகத்தில் படித்ததும் அத்தா கடையில் இழந்ததும் ஒன்றேதான். ஆனால் வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை!

சரி, 20 சதவீதம் தள்ளுபடியும் கொடுக்க வேண்டும், அடக்கத்துக்கு மேல் 10 சதவீதம் லாபமும் வேண்டும். விலைச்சீட்டில் என்ன போடுவது? புத்தகத்தில் தெரியாததை எக்ஸ் என்பார்கள். நாம் 'அ' என்று வைத்துக்கொள்வோம்.

கைக்கு வர வேண்டியது 550. விலைச்சீட்டு அ. தள்ளுபடி அதில் ஐந்தில் ஒரு பங்கு.
ஆகவே, அ − அ/5 = 550.
ஐந்தில் ஒன்று போனால் மிச்சம் ஐந்தில் நான்கு. 4அ/5 = 550.
இரண்டு பக்கமும் ஐந்தால் பெருக்கு. 4அ = 2,750.
இரண்டு பக்கமும் நான்கால் வகு. அ = 687.50.

இத்தோடு பேனாவை மூடாதீர்கள். சரிபார்க்க வேண்டும். 687.50இல் ஐந்தில் ஒன்று 137.50. கழித்தால் 550. சரி. கடை அடைக்கும்போது பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்போமே, அதுபோலத்தான் இதுவும்.

பங்கு பிரிக்கும் கணக்கு

வாரிசுரிமைக் கணக்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருவர் இறந்துவிடுகிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். அடக்கச் செலவு, கடன், மரண சாசனம் எல்லாம் போக மிச்சம் 3,20,000 ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கு, மகனுக்கு மகளைப் போல இரு பங்கு.

ஒரு மகளின் பங்கு 'அ' என்று வை. மகன் 2அ. இரண்டு மகள்களும் சேர்ந்து 2அ. மொத்தம் 4அ. மனைவியின் பங்கு 40,000. மீதி 2,80,000. ஆகவே 4அ = 2,80,000. அ = 70,000. மகனுக்கு 1,40,000. கூட்டிப் பார்: 40,000, 1,40,000, 70,000, 70,000. சேர்த்தால் 3,20,000. கணக்கு நேர்.

இது இரண்டு நிமிடக் கணக்கு. ஆனால் இந்த இரண்டு நிமிடக் கணக்கைப் போடத் தெரியாமல், "அண்ணன் சொன்னாருன்னு கையெழுத்துப் போட்டேன்" என்று பிறகு கண் கலங்கும் சகோதரிகள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகளே, உங்கள் பங்கை நீங்களே கணக்கிடத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமை எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, எண்ணிலும் தெரிய வேண்டும்.

சதுரத்தின் மூலை

அடுத்து, பத்தாம் வகுப்புக்காரர்கள் பயப்படும் இருபடிச் சமன்பாடு. புத்தகத்தில் 'வர்க்கப் பூர்த்தி முறை' என்று ஒன்று இருக்கும். பலர் அதை விட்டுவிட்டுச் சூத்திரத்தை மட்டும் உருப்போடுகிறார்கள். அந்த முறையை அல்குவாரிஸ்மி படம் போட்டே விளக்கியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட கணக்கையே பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைச் சேர்த்தால் 39. எண் என்ன?

அ² + 10அ = 39. இப்படி எழுதுவது நம் காலத்து வசதி. அவர் காலத்தில் இந்தக் குறிகள் இல்லை. முழுவதையும் வாக்கியமாகவே எழுதினார்.

முதல் படி: 'அ' பக்கமுள்ள ஒரு சதுரம் வரை. அதன் பரப்பு அ².
இரண்டாம் படி: 10அ என்பதை இரண்டாகப் பிரி. வலப்பக்கம் 5 அகலத்தில் ஒரு பட்டை, கீழே 5 அகலத்தில் ஒரு பட்டை. ஒவ்வொன்றும் 5அ. இதுவரை வரைந்தது எல்லாம் சேர்ந்து 39.
மூன்றாம் படி: படத்தைப் பார். பெரிய சதுரம் ஆகப் பார்க்கிறது, ஒரு மூலை மட்டும் காலி. அந்த மூலை 5க்கு 5, அதாவது 25.
நான்காம் படி: மூலையை நிரப்பு. இந்தப் பக்கம் 25 சேர்த்தால் அந்தப் பக்கமும் 25. 39 + 25 = 64.
ஐந்தாம் படி: பரப்பு 64 என்றால் சதுரத்தின் பக்கம் 8. அந்தப் பக்கம் அ + 5. ஆகவே அ = 3.
சரிபார்: 9 + 30 = 39.

இப்போது சொல்லுங்கள், இது அல்ஜீப்ராவா, வடிவியலா? இரண்டும்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் வேறு வேறு பாடமாகப் பிரித்து வைத்திருப்பதால் பிள்ளைகள் இரண்டையும் பங்காளிகள் போல ஒதுக்கி வைக்கிறார்கள். இரண்டும் ஒரே வீடு.

அல்குவாரிஸ்மி 3 என்ற விடையோடு நிறுத்திக்கொண்டார். −13 என்று இன்னொரு விடையும் உண்டு. சரிபாருங்கள்: 169 − 130 = 39. நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் அவர் அதை எடுக்கவில்லை. ஆனால் அவருக்கு முன்பே, கி.பி. 628இல், நம் நாட்டுப் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் சொத்து என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்துக் கணக்குச் செய்திருக்கிறார். நம் நாட்டு எண்கள் பாக்தாத் போயின. அரபுக் கணக்கு ஐரோப்பா போனது. பாஸ்கரரின் லீலாவதியை அக்பர் அவையில் இருந்த ஃபைஜி 1587இல் பாரசீகத்தில் பெயர்த்தார். அறிவுக்குச் சாதியில்லை, மதமில்லை, எல்லைக்கோடும் இல்லை. எல்லோரும் எல்லோரிடமும் கற்றார்கள். நாம் மட்டும் "அது நமக்கு வராது" என்று உட்கார்ந்திருக்கலாமா?

ஒன்றரை சென்ட் போன கதை

இனி இந்தக் கயிறு.

1976ஆம் வருடம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அத்தா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பல வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில், மேலூர் ரோட்டுப் பக்கம் ஓர் இடம் வாங்கினார். நான்கு மூலையில் நான்கு கல். எதிரெதிர் பக்கங்கள் சமம். இரண்டு பக்கம் 65 அடி, இரண்டு பக்கம் 75 அடி. தரகர் டேப்பைப் பிடித்தார், 65ஐ 75ஆல் பெருக்கினார், 4,875 சதுர அடி என்றார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஏறக்குறைய 11.19 சென்ட்.

இடம் கொஞ்சம் சாய்ந்து கிடப்பது கண்ணுக்கே தெரிந்தது. அத்தா கேட்கவும் செய்தார். தரகர் என்ன சொன்னார் தெரியுமா? "இந்தப் பக்கம் உள்ள போறது, அந்தப் பக்கம் வெளிய வருது பாய். ரெண்டும் சரிக்குச் சரி." கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருந்தது. அத்தா பணத்தை எண்ணிக் கொடுத்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

நான்கைந்து வருடம் கழித்து வீடு கட்டலாம் என்று சர்வேயரைக் கூட்டி வந்தோம். அவர் பக்கங்களை அளந்துவிட்டு நிற்கவில்லை. மூலைக்கு மூலை குறுக்கே சங்கிலியைப் போட்டார். 70 அடி. ஒரு தாளில் ஏதோ எழுதினார். "பாய், இது 4,200 அடிதான்" என்றார். அத்தா பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் தாளில் போட்ட கணக்கை இப்போது நாம் போடுவோம்.

படி 1. படம் வரை. குறுக்குக் கோடு இடத்தை இரண்டு முக்கோணமாக வெட்டுகிறது. இரண்டும் ஒரே அளவு. பக்கங்கள் 65, 75, 70. ஒன்றின் பரப்பு தெரிந்தால் போதும்.

படி 2. 70 அடிக் கோட்டை அடிப்பக்கமாக வை. எதிர் மூலையிலிருந்து அதன் மேல் செங்குத்தாக ஒரு கோடு இறக்கு. அதன் உயரம் 'உ'. அது அடிப்பக்கத்தை இரண்டாக வெட்டும். 65 அடிப் பக்கத்தை ஒட்டிய துண்டு 'அ'. மற்ற துண்டு 70 − அ.

படி 3. இப்போது இரண்டு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. பிதாகரஸ் தேற்றத்தை இரண்டிலும் போடு.
உ² = 65² − அ²
உ² = 75² − (70 − அ)²

படி 4. இரண்டும் ஒரே உயரம்தான். ஆகவே இரண்டும் சமம்.
4,225 − அ² = 5,625 − (4,900 − 140அ + அ²)

தம்பிகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பாதிப் பேர் விழும் பள்ளம் இதுதான். அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு கழித்தல் நிற்கிறது. அது உள்ளே இருக்கும் மூன்றையும் திருப்பும். முதல் ஆளை மட்டும் திருப்பிவிட்டு மற்றவர்களை அப்படியே விட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். அடைப்பைப் பிரிப்பதற்கென்று ஒரு வரி தனியாக எழுதுங்கள்.

படி 5. 4,225 − அ² = 5,625 − 4,900 + 140அ − அ²
அதாவது 4,225 − அ² = 725 + 140அ − அ²
இரண்டு தட்டிலும் −அ² இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிடு. பயந்த வர்க்கம் போயே போயிற்று!
4,225 = 725 + 140அ
3,500 = 140அ
அ = 25

படி 6. உ² = 4,225 − 625 = 3,600. உ = 60.
மறுபக்கம் சரிபார்: 70 − 25 = 45. 5,625 − 2,025 = 3,600. அதே 60.

படி 7. ஒரு முக்கோணம்: 70 × 60 ÷ 2 = 2,100. இரண்டும் சேர்ந்து 4,200 சதுர அடி.

4,875இல் 4,200 போனால் 675 சதுர அடி. ஒன்றரை சென்ட்டுக்கும் மேல். இல்லாத இடத்துக்கு அத்தா பணம் கொடுத்திருக்கிறார்.

தரகர் சொன்னது எங்கே தவறு? நான்கு கம்பை ஆணி அடித்துச் சேர்த்து ஒரு சட்டம் செய்யுங்கள். அதை நேராக நிறுத்தினால் செவ்வகம். ஒரு பக்கம் தள்ளிச் சாய்த்துக்கொண்டே போங்கள். நான்கு கம்பின் நீளமும் மாறாது. ஆனால் உள்ளே இருக்கும் இடம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கம்போடு கம்பு ஒட்டிவிடும். பக்கங்கள் மாறாமல் பரப்பு மட்டும் கரையும். அதனால்தான் நான்கு பக்க அளவு மட்டும் போதாது, குறுக்கு அளவும் வேண்டும். நம் தமிழ்நாட்டு நில அளவைத் துறையின் புல வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்தின் குறுக்கே கோடு போட்டு, முக்கோணங்களாகப் பிரித்துத்தான் அளந்திருப்பார்கள். நான்கு கல்லைப் பார்த்து யாரும் பெருக்கிவிடவில்லை.

தரகர் மீது எனக்கு இன்றைக்குக் கோபம் இல்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். என் மனதை உறுத்துவது வேறு. அந்த வருடம்தான் நான் முக்கோணத்தின் பரப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். பிதாகரஸ் தேற்றத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். வகுப்பில் நல்ல மார்க். ஆனால் என் அத்தா பணம் எண்ணிக் கொடுத்தபோது, நோட்டில் இருந்த முக்கோணமும் காலுக்குக் கீழே கிடந்த முக்கோணமும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையில் ஒரு கயிறு இருந்திருந்தால், மூலைக்கு மூலை பிடித்திருந்தால், அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் கணித ஆசிரியர் ஆனதற்கு அந்த ஒன்றரை சென்ட்தான் காரணம்.

ராமானுஜன் வேறு, நாம் வேறு

சில கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு. "சார், மனசுலயே போட்டுட்டேன்" என்று விடையை மட்டும் எழுதுவார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாக விடைகள். எப்படி வந்தது என்ற வழி மட்டும் இல்லை. ஹார்டி வியந்தார், ஆனால் நிரூபணம் எங்கே என்று கேட்டார். அவர் நோட்டுப் புத்தகங்களில் இருந்தவற்றுக்கு வழி எழுதி அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வந்தன. அவர் ராமானுஜன். அவருக்காக உலகம் காத்திருந்தது. நம் விடைத்தாளைத் திருத்துபவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார் தம்பி!

படிக்கு மார்க் உண்டு. ஐந்து மார்க் கணக்கில் கடைசி வரியில் கூட்டல் தவறினாலும், மேலே எழுதிய படிகள் உங்களுக்குச் சோறு போடும். விடையை மட்டும் எழுதி அதுவும் தவறாகிவிட்டால் ஒன்றும் இல்லை.

இன்றைய பத்தாம் வகுப்பு வினாத்தாளைப் பாருங்கள். நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. அதில் எட்டு மார்க் கேள்விகள் இரண்டு, ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டும் சேர்ந்து 16. இவற்றுக்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. கூரான பென்சில், நல்ல காம்பஸ், பொறுமை. முதலில் உதவிப்படம், அளவுகளைக் குறித்தல், பிறகு வரைமுறை. தினமும் ஒன்று வரைந்தால் கை பழகிவிடும். 35இல் 16 இங்கேயே இருக்கிறது. "எனக்குக் கணக்கே வராது" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்குப் போட ஐந்து பழக்கம் சொல்கிறேன். ஒன்று, கேள்வியை இரண்டு முறை படி, என்ன கொடுத்திருக்கிறது, என்ன கேட்கிறது என்று தனித்தனியாக எழுது. இரண்டு, படம் போடு. மூன்று, தெரியாததற்கு ஒரு பெயர் வை. நான்கு, ஒரு வரியில் ஒரு வேலைதான் செய். ஐந்து, விடையைக் கேள்வியிலேயே திருப்பிப் போட்டுப் பார்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பையன் கணக்கில் தவறிவிட்டால் அன்றைக்கே கடைச்சாவியைக் கையில் கொடுக்காதீர்கள். அதே வருடம் துணைத் தேர்வு வருகிறது. அந்தச் சில வாரம் அவனைக் கடையிலிருந்து விடுவித்து உட்கார வையுங்கள். கடைக்கு வந்தே தீர வேண்டுமென்றால் அங்கேயும் கணக்கைக் கொடுங்கள். தள்ளுபடியை அவன் போடட்டும். வரவு செலவை அவன் சரிபார்க்கட்டும். உங்கள் கடையே அவனுக்கு வகுப்பறை ஆகட்டும்.

ஜமாஅத் பெரியவர்களே, மஹல்லாவில் ஓர் அறை, ஒரு கரும்பலகை, மாலையில் ஒரு மணி நேரம். வேறு எதுவும் கேட்கவில்லை. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் வந்து சொல்லிக் கொடுப்பார்கள். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, பெண் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

இந்தக் கயிறை நான் திரும்ப எடுத்துப் போகவில்லை. முன்வரிசையில் இருக்கும் அந்த ஒன்பதாம் வகுப்புத் தம்பியிடம் கொடுக்கிறேன். எத்தனை அடி என்று நான் சொல்ல மாட்டேன், நீயே அளந்துகொள். உன் அத்தாவோ மாமாவோ இடம் பார்க்கப் போகும்போது கூடப் போ. பக்கத்தில் சும்மா நிற்காதே. மூலைக்கு மூலை பிடி.